படம் ஓரிடம், உரிமை வேறிடம்: கலைக்கூடங்களின் படவுரிமை வரலாறும் மலேசியத் தமிழரும்

முன்னுரை

மலேசியத் தமிழரின் வரலாற்றை எழுதப் புகுவோர் எழுத்துச் சான்றுகளையும் படச் சான்றுகளையும் ஒருங்கே நாடுகின்றனர். பால்மரத்தின் அருகே வாளியுடன் நிற்கும் பெண், தண்டவாளத்தின் ஓரத்தில் மண்வெட்டியுடன் நிற்கும் ஆடவர், கப்பலிலிருந்து இறங்கும் குடும்பம் ஆகியோரின் படங்கள் பக்கம் பக்கமாக எழுதியும் உணர்த்தவியலாத ஒன்றை ஒரே பார்வையில் உணர்த்திவிடுகின்றன. எனினும் இவ்விருவகைச் சான்றுகளையும் எடுத்தாளும் முறையில் பெரும் வேறுபாடு உண்டு. நூலொன்றிலிருந்து நான்கு வரிகளை மேற்கோளாகத் தருவதற்கு எவரும் கட்டணம் கேட்பதில்லை. படத்தையோ நான்கில் ஒரு பங்கு மட்டும் மேற்கோள் காட்ட இயலாது. முழுமையாகவே எடுத்தாள வேண்டும். அங்கேதான் பதிப்புரிமை, உரிமக் கட்டணம், நிறுவன அனுமதி ஆகியவை குறுக்கிடுகின்றன.

கலைப் படைப்புகளையும் நிழற்படங்களையும் பாதுகாக்கும் நிறுவனங்கள் அவற்றின் படவுரிமையை எவ்வாறு கையாண்டு வந்துள்ளன என்பதையும், அந்நடைமுறை மலேசியத் தமிழரின் வரலாற்றெழுதியலை எவ்வாறு பாதிக்கின்றது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பொருளின் உடைமை, படியெடுக்கும் உரிமை, அணுகும் வாய்ப்பு ஆகிய மூன்றும் வெவ்வேறானவை. இம்மூன்றையும் ஒன்றெனக் கருதி மயங்குவதாலேயே நம் ஆய்வாளர்கள் தேவையற்ற இடத்தில் தயங்குகின்றனர். கேட்க வேண்டிய இடத்தில் கேளாது விடுகின்றனர்.

1. உடைமையும் உரிமையும் பிரிந்த வரலாறு

ஓவியத்தை விலைக்கு வாங்கியவரே அதனைப் படியெடுக்கும் உரிமையும் பெற்றவர் என்று கருதுவது இயல்பு. நிலத்தை வாங்கியவருக்கே அதன் விளைச்சலும் உரியது என்னும் வழக்கு அதற்கு அடிப்படையாகலாம். ஆயினும் கலைப் படைப்பின் சட்டம் வேறு பாதையில் வளர்ந்தது.

இங்கிலாந்தில் வில்லியம் ஹோகார்த் என்னும் ஓவியர் தம் செதுக்கோவியங்களைப் பிறர் போலியாக அச்சிட்டு விற்பதைத் தடுக்க முயன்றதன் பயனாக 1735ஆம் ஆண்டில் செதுக்கோவியச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அது படைப்பாளிக்குப் 14 ஆண்டு உரிமையை அளித்தது. வண்ண ஓவியங்களும் நிழற்படங்களும் 1862ஆம் ஆண்டுச் சட்டத்தால் பாதுகாப்புப் பெற்றன. அச்சட்டத்தில் ஒரு விந்தை இருந்தது. எழுத்து மூலமான உடன்பாடு ஏதுமின்றி ஓவியர் தம் ஓவியத்தை முதன்முதலாக விற்றுவிட்டால், படியெடுக்கும் உரிமை அவரிடமும் தங்காது, வாங்கியவரிடமும் சேராது, அது அழிந்தே போகும். இக்குறையை 1911ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. ஓவியம் கைமாறினாலும் உரிமை ஓவியரிடமே நிலைக்கும் என்பது அதன்பின் பொதுவிதியாயிற்று.

அதே 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் மற்றொரு விதி நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. நிழற்படத்தின் மூலச் சுருளுக்கு, அக்காலத்தில் பெரும்பாலும் கண்ணாடித் தகட்டுக்கு, உரியவரே அப்படத்தின் ஆசிரியராகக் கருதப்பட்டார். ஆனால் ஒருவர் பொருள் கொடுத்துத் தம் படத்தை எடுக்கச் செய்தால், மாற்று உடன்பாடு இல்லாதபோது, படவுரிமை அவ்வாறு எடுக்கச் செய்தவரையே சாரும். பணம் கொடுத்தவருக்கு உரிமை உண்டு. படத்தில் நின்றவருக்கு, நின்ற காரணத்தால் மட்டும், எவ்வுரிமையும் இல்லை. இவ்விதியின் நிழல் மலாயாத் தமிழரின் படங்கள் மீது நெடுங்காலம் படிந்திருந்தது.

2. இரவிவர்மா: உரிமை தனியே பயணம் செய்த கதை

படமும் உரிமையும் தனித்தனியே பயணம் செய்யக்கூடியவை என்பதற்குத் தென்னிந்தியாவிலிருந்தே சிறந்த எடுத்துக்காட்டு கிடைக்கின்றது. கிளிமானூரில் 1848இல் பிறந்த இராஜா இரவிவர்மாவின் மூல ஓவியங்கள் அரண்மனைகளிலும் செல்வர் இல்லங்களிலும் தொங்கின. அவற்றை வண்ண அச்சில் வெளியிட்டுப் பொதுமக்களிடம் சேர்க்கலாம் என்று திவான் தி. மாதவராவ் அவருக்கு அறிவுரை கூறியிருந்தார். 1894இல் பம்பாயில் இரவிவர்மாவின் அச்சகம் தொடங்கப்பட்டது. பின்னர் அது லோனாவ்லாப் பகுதிக்கு மாற்றப்பட்டு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செருமானியத் தொழில் வல்லுநரான பிரிட்ஸ் சிலைச்சரிடம் படியெடுக்கும் உரிமைகளோடு விற்கப்பட்டது.

மூல ஓவியம் அரண்மனையில் அசையாது நின்றது. அதன் உரிமையோ அச்சகத்தோடு கைமாறியது. அச்சுப்படங்களும் அவற்றின் வழிவந்த நாட்காட்டிப் படங்களும் கடல் கடந்து சென்றன. மலாயாத் தோட்டப்புற இலயங்களின் சாமி மூலைகளில் தமிழர் வணங்கிய இலட்சுமி, சரசுவதி உருவங்களில் இப்பட மரபின் செல்வாக்கைக் காணலாம். அரண்மனைக் கதவு திறக்கப்படாத எளியோரின் இல்லத்துக்குள் தெய்வ உருவம் நுழைந்தது படியெடுத்தலால்தான்.

இரவிவர்மா 1906இல் மறைந்தார். எந்தக் கணக்கின்படியும் அவருடைய படைப்புகளின் பதிப்புரிமைக் காலம் எப்போதோ முடிவுற்றுவிட்டது. இந்திய அரசு 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வச் சட்டத்தின்கீழ் 1979இல் அவருடைய ஓவியங்களைக் கலைச்செல்வமாக அறிவித்தது. அதனால் மூல ஓவியத்தை நாட்டிற்கு வெளியே விற்பனைக்குக் கொண்டுசெல்ல இயலாது. அதன் உருவத்தையோ எவரும் அச்சிடலாம். உடைமைக்கு ஒரு சட்டம், உருவத்துக்கு வேறொரு சட்டம் என்னும் வேறுபாடு இங்கே தெளிவாகப் புலப்படுகின்றது.

3. பெயரற்றவர்களின் படங்கள்

இனி மலாயாவை நோக்குவோம். சிங்கப்பூரில் 1867இல் ஜி. ஆர். லம்பேர்ட் தொடங்கிய நிழற்பட நிறுவனம் இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டு வரை இப்பகுதியின் புகழ்பெற்ற பட நிறுவனமாக விளங்கியது. ஆளுநர்களையும் வணிகர்களையும் படமெடுத்த அந்நிறுவனம் 'இன வகைகள்' என்னும் தலைப்பில் மலாய்க்காரர், சீனர், தமிழர் ஆகியோரின் படங்களையும் எடுத்து விற்றது. சி. ஜே. கிளைன்குரோத்த என்னும் செருமானியர் 1907 அளவில் வெளியிட்ட மலாய்த் தீபகற்பப் படத்தொகுப்பு இரயில் பாதைகளையும் தோட்டங்களையும் காட்டுகின்றது. பின்னர் அஞ்சலட்டைகளாகவும் இத்தகைய படங்கள் பரவின.

இப்படங்களின் தலைப்புகளை ஊன்றிப் படித்தால் ஓர் உண்மை விளங்கும். எடுத்தவர் பெயர் இருக்கும். எடுத்த ஊரின் பெயரும் சிலவற்றில் இருக்கும். படத்தில் நிற்பவர் பெயர் இராது. 'கிளிங்' என்றோ 'தமிழ்க் கூலி' என்றோ பொதுச் சொல் ஒன்றே இருக்கும். ஆளுநரின் படத்தில் ஆளுநருக்குப் பெயர் உண்டு. தோட்டத் தொழிலாளியின் படத்தில் தொழிலாளிக்குப் பெயரில்லை. ஆளுநர் பணம் கொடுத்துத் தம் படத்தை எடுக்கச் செய்தார். ஆகவே அது அவருடைய படம். தொழிலாளியைப் பிறர் பொருட்டு நிறுத்திவைத்து எடுத்தனர். ஆகவே அது அவனுடைய படமன்று. முன்னர்க் கூறிய சட்ட விதி சமூக ஏற்றத்தாழ்வை அப்படியே எதிரொலித்தது எனலாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கிள்ளான், கோலாலம்பூர் முதலிய நகரங்களின் படப்பிடிப்பு நிலையங்களில் தமிழ்க் குடும்பங்கள் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்து எடுத்துக்கொண்ட படங்கள் அவை. திரைச்சீலையின் முன் நாற்காலியில் தந்தை அமர்ந்திருக்க, பக்கத்தில் தாயும் பிள்ளைகளும் நிற்கும் அப்படங்கள் பல வீடுகளின் சுவர்களில் இன்றும் உள்ளன. இப்படங்களில் எல்லார்க்கும் பெயர் உண்டு; முறை உண்டு; ஊர் உண்டு. அக்காலப் பிரித்தானியச் சட்டத்தின் நோக்கில் இவற்றின் உரிமையும் எடுக்கச் செய்த குடும்பத்தையே சார்ந்தது. நம் வரலாற்று நூல்களின் அட்டைகளில் முதல்வகைப் படங்களையே மிகுதியாகக் காண்கிறோம். இரண்டாம் வகைப் படங்கள் காப்பகங்களை எட்டாமல் பெட்டிகளிலும் சுவர்களிலும் தங்கிவிட்டன.

குடியேற்றக் காலப் படங்களில் பெரும்பகுதி இன்று வெளிநாட்டு நிறுவனங்களில் உள்ளது. பிரித்தானிய மலாயாச் சங்கத்தினர் திரட்டிய ஆவணங்களும் படங்களும் அரச காமன்வெல்த் கழகத் தொகுப்பின் வழி கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தைச் சேர்ந்தன. உள்நாட்டுத் தொகுப்புகளோ போரின் இழப்புகளைச் சந்தித்தவை. பிரிக்பீல்ட்ஸ் இரயில் பணிமனைப் பகுதியைக் குறிவைத்த நேச நாட்டு விமானத் தாக்குதலில் 1945 மார்ச் 10ஆம் நாள் சிலாங்கூர் அருங்காட்சியகம் சிதைந்தது. அது நின்ற இடத்தில்தான் 1963 ஆகஸ்டு 31இல் தேசிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

4. மலேசியச் சட்டமும் நடைமுறையும்

சுதந்திர மலேசியாவின் முதல் பதிப்புரிமைச் சட்டம் 1969இல் இயற்றப்பட்டது. அதற்கு மாற்றாக வந்த 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமே திருத்தங்களுடன் இன்று வழக்கில் உள்ளது. 1990இல் மலேசியா பெர்ன் உடன்படிக்கையில் இணைந்தது. ஓவியத்தின் பதிப்புரிமை ஓவியரின் வாழ்நாள் முழுவதும், அவர் மறைவுக்குப் பின் 50 ஆண்டுகளும் நீடிக்கும். உரிமையை மாற்றித் தருவதாயின் எழுத்து மூலம் தர வேண்டும். விலைச்சீட்டு மட்டும் உரிமைப் பத்திரம் ஆகாது.

இதனைத் தேசியக் கலைக்கூடத்தின் நிலையில் வைத்துக் காண்போம். துங்கு அப்துல் ரஹ்மானால் 1958 ஆகஸ்டில் திறந்து வைக்கப்பட்ட அக்கூடம் அன்பளிப்பாகப் பெற்ற நான்கு ஓவியங்களுடன் தொடங்கியது. 1984இல் பழைய மெஜஸ்டிக் தங்கும் விடுதிக்கும், 1998இல் துன் ரசாக் சாலையை ஒட்டிய இன்றைய கட்டடத்துக்கும் இடம் பெயர்ந்தது. தமிழ்நாட்டின் அழகன்குளத்தில் 1943இல் பிறந்து, மலாயாவில் வளர்ந்து, சென்னைக் கவின்கலைக் கல்லூரியில் பயின்ற சையத் தாஜுதீனின் ஓவியங்களும் அதன் தொகுப்பில் உள்ளன. இத்தகைய ஓவியத்தைக் கலைக்கூடம் காட்சிக்கு வைக்கலாம், பாதுகாக்கலாம். அதனை அஞ்சலட்டையாகவோ நூலட்டையாகவோ வெளியிட வேண்டுமாயின், எழுத்து மூலமான உரிமை மாற்றம் இல்லாதவிடத்து, ஓவியரின் இசைவு வேண்டும். ஆய்வாளர் ஒருவர் கலைக்கூடத்தின் அனுமதிக் கடிதத்தை மட்டும் பெற்று ஓவியரைக் கேளாது விடுவாராயின், பாதி வேலையே முடிந்தது எனல் வேண்டும்.

சட்டம் தந்துள்ள விலக்குகளையும் அறிதல் நன்று. ஆராய்ச்சி, தனிப்பட்ட படிப்பு, திறனாய்வு ஆகியவற்றுக்கான நேர்மையான பயன்பாட்டுக்கு இடமுண்டு. பொதுமக்கள் காணக்கூடிய இடத்தில் நிலையாக அமைந்துள்ள கலைப் படைப்பைப் படியெடுக்கவும் தடையில்லை. தேசிய அருங்காட்சியகத்தின் முகப்புச் சுவர்களில் ஓவியர் சியோங் லாய் தோங் வடிவமைத்த கண்ணாடிச் சில்லோவியங்களும், பிரிக்பீல்ட்ஸ் கோயில்களின் இராஜகோபுரச் சுதைச் சிற்பங்களும் இவ்விதியின்கீழ் வரத்தக்கவை. நிழற்படங்களுக்கென 1987ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்திருந்த தனிப்பட்ட ஐம்பதாண்டுக் காலவரையறையை 2012ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கியது. ஆகவே அண்மைக்காலப் படங்களுக்கு அவற்றை எடுத்தவரின் வாழ்நாளைக் கருத வேண்டும். லம்பேர்ட் நிறுவனத்தின் படங்களைப் போன்றவற்றுக்கோ எவ்வாறு கணக்கிட்டாலும் காலம் முடிந்துவிட்டது.

5. காலம் கடந்த படங்களுக்கும் கட்டணம் ஏன்?

பதிப்புரிமை முடிந்துபோன படத்துக்கும் நிறுவனங்கள் பணம் கேட்பது எங்ஙனம் என்னும் வினா இவ்விடத்தில் எழுகின்றது. நிறுவனங்கள் இருவகைக் காரணங்களைக் காட்டி வந்துள்ளன. மூல ஓவியத்துக்கு உரிமை முடிந்திருந்தாலும் தாங்கள் அதனைப் படமெடுத்ததால் அப்புதிய படத்துக்குத் தனி உரிமை உண்டு என்பது முதற்காரணம். 1999இல் பிரிட்ஜ்மன் கலை நூலகத்துக்கும் கோரல் நிறுவனத்துக்கும் இடையே நடந்த வழக்கில் நியூயார்க் நீதிமன்றம் இவ்வாதத்தை ஏற்க மறுத்தது. தட்டையான ஓவியம் ஒன்றை உள்ளது உள்ளவாறே படமெடுப்பதில் திறமை இருக்கலாம்; புதிய படைப்பு இல்லை என்பது அதன் கருத்து. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு ஆணையும் காலம் முடிந்த காட்சிக்கலைப் படைப்பின் படிகளுக்குப் புதிய உரிமை இல்லை என்று விதித்தது. இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023இல் வேறொரு வழக்கில் படைப்புத் தனித்தன்மைக்குக் கூறிய அளவுகோல் அந்நாட்டு அருங்காட்சியகங்களின் கோரிக்கையையும் தளர்த்திவிட்டது என்று சட்ட அறிஞர்கள் பலர் கருதுகின்றனர்.

அணுகும் வாய்ப்பே இரண்டாம் காரணம். மூலப்பொருள் நிறுவனத்தின் பூட்டிய அறையில் உள்ளது. தெளிவான படத்தைப் பெற விரும்புபவர் விண்ணப்பம் எழுத வேண்டும். நூலின் பெயர், மொழி, அச்சிடும் படிகளின் எண்ணிக்கை, விற்பனை நாடு, படம் வரும் பக்கத்தின் அளவு, அட்டையா உள்பக்கமா என்னும் விவரம் ஆகிய அனைத்தையும் கூற வேண்டும். அவற்றுக்கேற்பக் கட்டணம் அமையும். ஒரு பதிப்புக்கு மட்டுமே அனுமதி, வெட்டிச் சுருக்கலாகாது, மேலே எழுத்து அச்சிடலாகாது, நிறுவனத்தின் பெயரை இன்ன சொற்களில் குறிக்க வேண்டும், நூலின் படியொன்றை அனுப்ப வேண்டும் என்பன வழக்கமான நிபந்தனைகள். இங்கே செயற்படுவது பதிப்புரிமை அன்று, ஒப்பந்தம். ஒப்பந்தம் அதில் கையெழுத்திட்டவரையே கட்டுப்படுத்தும். அதே படத்தின் பழைய அஞ்சலட்டையைச் சொந்தமாக வைத்திருப்பவரை அது கட்டுப்படுத்தாது.

இந்நடைமுறையின் சுமை எல்லார்மீதும் ஒரே அளவில் விழுவதில்லை. பெரும் பதிப்பகம் வெளியிடும் ஆங்கில நூலுக்குப் பத்துப் படங்களின் கட்டணம் செலவுக் கணக்கில் ஒரு வரி. சில நூறு படிகளே அச்சாகும் மலேசியத் தமிழ் நூலுக்கோ அதுவே அச்சுச் செலவுக்கு இணையாகிவிடலாம். விளைவாக நூலாசிரியர் படங்களைத் தவிர்க்கின்றார். அல்லது மூலம் குறிப்பிடாத மங்கலான படியைச் சேர்க்கின்றார். முன்னதில் வரலாறு படமின்றி நிற்கின்றது. பின்னதில் படம் வரலாறின்றி நிற்கின்றது.

இந்நிலை மாறி வருவதும் உண்மையே. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் 2012இல் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைத் தடையின்றிப் பயன்படுத்தத் திறந்துவிட்டது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017இல் ஏறத்தாழ 3,75,000 படங்களையும், அமெரிக்காவின் சுமித்சோனியன் நிறுவனம் 2020இல் 28 இலட்சம் படங்களையும் அவ்வாறே அளித்தன. இவற்றுள் சோழர் காலச் செப்புத் திருமேனிகளின் படங்களும் அடங்கும். கட்டணத்தை நீக்குமாறு பிரித்தானியக் கலை வரலாற்றாளர்கள் 2017இல் இலண்டன் டைம்ஸ் நாளிதழின் வழி வேண்டுகோள் விடுத்தனர். பாதுகாப்பதற்கும் படமெடுப்பதற்கும் செலவு உண்டு என்னும் நிறுவனங்களின் வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும் படியெடுக்கும் செலவைப் பெறுவது ஒன்று. முடிந்துபோன உரிமையை மீண்டும் விற்பது வேறொன்று.

6. திறந்த படம் காத்த திருமேனி

படங்கள் ஆய்வாளருக்குக் கிடைப்பதால் விளையும் நன்மைக்கு அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தான் நடராசர் சான்றாவார். அக்கோயிலின் திருமேனி களவாடப்பட்டு, நியூயார்க் வணிகர் ஒருவரின் வழி ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்துக்கு 2008இல் ஏறத்தாழ 50 இலட்சம் அமெரிக்க டாலருக்கு விற்கப்பட்டது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1956 முதல் தென்னிந்தியக் கோயில்களைப் படமெடுத்துத் தொகுத்து வந்துள்ளது. அத்தொகுப்பில் இருந்த பழைய படத்தையும் கலைக்கூடம் வெளியிட்ட படத்தையும் ஒப்பிட்டபோது இரண்டும் ஒரே திருமேனி என்பது வெளிப்பட்டது. 2014 செப்டம்பரில் திருமேனி இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது.

இரண்டு நிறுவனங்களின் இரண்டு படங்கள் ஆய்வாளர் கண்ணில் அடுத்தடுத்துப் பட்டதனால்தான் உண்மை வெளிவந்தது. அவற்றுள் ஒன்று பூட்டப்பட்டிருப்பினும் அது நிகழ்ந்திராது. சிற்பத்தின் படம் ஓவியத்தின் படியினின்றும் வேறுபட்டது என்பதை இங்கே நினைவிற்கொள்ளல் வேண்டும். ஒளியையும் கோணத்தையும் தேர்ந்து எடுக்கப்படும் சிற்பப் படத்தில் எடுத்தவரின் படைப்புத் திறன் கலந்துள்ளது. ஆகவே ஆயிரம் ஆண்டுப் பழமையுடைய திருமேனியின் புதிய படத்துக்குப் பதிப்புரிமை இருத்தல் கூடும்.

7. நாம் செய்யத்தக்கன

மேற்கண்டவற்றால் மலேசியத் தமிழ் ஆய்வுலகிற்குச் சில கடமைகள் புலனாகின்றன. முதலாவதாக, படத்தைப் பயன்படுத்துமுன் மூன்று வினாக்களை வரிசையாகக் கேட்க வேண்டும்: பொருள் யாரிடம் உள்ளது? பதிப்புரிமை உயிரோடு உள்ளதா? உள்ளதெனில் அது யாருடையது? பதிப்புரிமை முடிந்த படத்துக்கு நிறுவனத்தின் உரிமத்தை விலைக்கு வாங்க வேண்டிய தேவையில்லை. நன்றியும் மூலக் குறிப்பும் போதும். வாழும் கலைஞரின் படைப்பாயின் இசைவு பெறுதலும் தக்க மதிப்பூதியம் தருதலும் வேண்டும். இலவசம் என்பது மறைந்தோரின் படைப்புக்கு உரிய பண்பு. வாழ்வோரின் உழைப்புக்கு அன்று. கலைஞரின் பெயரைக் குறித்தல் இருவகைக்கும் பொதுவான அறம்.

இரண்டாவதாக, கோயில் குடமுழுக்கு மலர்கள், பள்ளி ஆண்டு மலர்கள், சங்க வெள்ளிவிழா மலர்கள் ஆகியவற்றில் அச்சாகும் படங்களுக்கு எடுத்தவர் பெயரும் ஆண்டும் குறிக்கப்பட வேண்டும். கிள்ளானிலும் சாலாக் செலாத்தானிலும் வெளியாகும் சிறு மலர்கூட ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் ஆவணமாகும். அன்று அதனைப் பயன்படுத்த விரும்புபவர் யாரைக் கேட்பது என்று அறியாது திகைக்கலாகாது.

மூன்றாவதாக, குடும்பப் படங்களைக் காப்பகத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ அளிக்கும்போது ஒரு பக்க உடன்பாட்டையேனும் எழுதிக்கொள்ள வேண்டும். படம் அன்பளிப்பா இரவலா, உரிமை குடும்பத்திடம் தொடர்கின்றதா, ஆய்வுக்கும் கல்விக்கும் கட்டணமின்றித் தரப்படுமா என்பன அதில் இடம்பெறல் வேண்டும். படத்தில் உள்ளோரின் பெயர், உறவு, தோட்டத்தின் பெயர் ஆகியவற்றை முதியோர் வாழும்போதே கேட்டு எழுதி இணைத்தல் அதனினும் இன்றியமையாதது.

முடிவுரை

படவுரிமையின் வரலாறு, படத்தை எடுத்தவருக்கும் எடுக்கச் செய்தவருக்கும் உரிமை வழங்கிய வரலாறாகும். படத்தில் நின்றவரை அது கருதவில்லை. மலாயாத் தமிழ்த் தொழிலாளர் பெரும்பாலும் மூன்றாம் வகையினர். அவர்தம் உருவத்தின் மீது பிறர் கொண்டிருந்த உரிமை காலத்தால் முடிந்துவிட்டது. அப்படங்களை அச்சிடுவதற்குச் சட்டம் இனித் தடையாக இராது. ஆனால் பெயரைச் சட்டம் மீட்டுத் தராது. தேடலும் பதிவுமே மீட்டுத் தரும். 'தமிழ்க் கூலி' என்று எழுதப்பட்ட அட்டையின் கீழ் ஒரே ஒருவரின் பெயரையேனும் சான்றுடன் சேர்க்க முடியுமாயின், அதுவே நம் துறை மாணவர் மேற்கொள்ளத்தக்க பயனுள்ள ஆய்வாகும்.